டீசல் காரின் எச்சரிக்கை விளக்குகள்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில் திருவெறும்பூரைத் தாண்டிச் சென்றால் துவாக்குடி வரும். 1964ஆம் ஆண்டில் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக வளர்ந்திருக்கும் கல்வி நிலையம் இங்கேதான் இருக்கிறது. அருகில் 'பெல்' நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை. அதற்கு வேண்டிய பாகங்களைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் நிறைந்த தொழிற்பேட்டையும் உண்டு.

கொதிகலனை இயக்குபவருக்கு எதிரே ஓர் அழுத்தமானி இருக்கும். நீராவியின் அழுத்தம் எவ்வளவு என்பதை அதன் முள் எண்ணிக்கையாகவே காட்டிவிடும். அழுத்தம் மெல்ல ஏறுகிறதா, சட்டென்று ஏறுகிறதா என்பதையும் அவர் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பழைய லாரிகளிலும் ஜீப்புகளிலும்கூட ஓட்டுநர் முன்னால் இத்தகைய முள் வைத்த மானிகள் பல இருந்தன.

இன்றைய காரில் அவற்றில் பல மறைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் சிறு சிறு விளக்குப் படங்கள் வந்துள்ளன. ஒன்று எண்ணெய்க் குவளை போல இருக்கும்; ஒன்று வெப்பமானி போல இருக்கும்; இன்னொன்று சுருண்ட கம்பி போல இருக்கும். புதிய கார்களில் இவற்றோடு எழுத்திலும் செய்தி வரும்.

முள்ளுக்கும் விளக்குக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முள் 'எவ்வளவு' என்று சொல்கிறது. விளக்கோ, 'எல்லை தாண்டிவிட்டது' என்று மட்டுமே சொல்கிறது. ஏன் தாண்டியது என்பதை அது சொல்வதில்லை. அதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஒன்றை மறந்துவிடுவதால்தான் பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களில் பலர் தேவையில்லாத பாகங்களை மாற்றிப் பணத்தை இழக்கிறார்கள். சிலர் எஞ்சினையே இழக்கிறார்கள்.

நிறத்தைப் பாருங்கள்

எந்த விளக்கு எரிந்தாலும் முதலில் அதன் நிறத்தைக் கவனிக்க வேண்டும். பச்சையும் நீலமும் வெறும் தகவல்கள். மஞ்சள், 'விரைவில் சோதித்துப் பார்' என்று பொருள். சிவப்பு, 'பாதுகாப்பான இடம் பார்த்து உடனே நிறுத்து' என்று பொருள்.

நிறுத்து என்றால், ஓடிக்கொண்டிருக்கும் காரில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பது என்று கொள்ளக்கூடாது. எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசையும் போய்விடும். வண்டியைச் சாலையோரம் நிறுத்திய பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும்.

எண்ணெய்க் குவளை

சிவப்பு விளக்குகளில் மிக அவசரமானது இதுதான். எஞ்சினில் எண்ணெய் குறைந்துவிட்டது என்று இது சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. இது காட்டுவது எண்ணெயின் அளவை அல்ல, எண்ணெயின் அழுத்தத்தை.

எஞ்சினில் ஒரு சிறிய அழுத்தச் சுவிட்சு பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் ஒரு மெல்லிய சவ்வும் ஒரு வில்லும் உண்டு. எஞ்சின் ஓடாதபோது வில் தொடுமுனைகளைச் சேர்த்து வைத்திருக்கும், மின்னோட்டம் பாயும், விளக்கு எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எண்ணெய்ப் பம்பு அழுத்தத்தை உண்டாக்கும். அந்த அழுத்தம் சவ்வைத் தள்ளித் தொடுமுனைகளைப் பிரிக்கும், விளக்கு அணைந்துவிடும். சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டிய விளக்கு இது என்பது இப்போது புரிகிறதல்லவா?

ஓடும்போது இது மீண்டும் எரிந்தால், சுழலும் தண்டுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே எண்ணெய்ப் படலம் நிலைக்கவில்லை என்று பொருள். உலோகம் உலோகத்தோடு உராயத் தொடங்கும். ஒரு சில நிமிடங்களே போதும், எஞ்சின் இறுகிப் போவதற்கு. எண்ணெய் குறைந்திருக்கலாம், பம்பு பழுதாகியிருக்கலாம், தாங்கிகள் தேய்ந்திருக்கலாம், சுவிட்சே கெட்டுப் போயிருக்கலாம். எதுவாயினும் காரை நிறுத்திய பிறகே ஆராய வேண்டும்.

பாட்டரிப் படத்திலும் இதே போன்ற ஒரு மயக்கம் உண்டு. அது பாட்டரியின் உடல்நிலையைக் காட்டுவதில்லை. ஆல்டர்னேட்டர் பாட்டரிக்கு மின்னேற்றம் செய்யவில்லை என்பதையே காட்டுகிறது. எஞ்சின் நின்றிருக்கையில் நல்ல பாட்டரியின் மின்னழுத்தம் சுமார் 12.6 வோல்ட்டு, எஞ்சின் ஓடுகையில் அது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டு அறுந்தாலும் இந்த விளக்கு எரியும். சில கார்களில் அதே பெல்ட்டுதான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. அப்படிப்பட்ட காரைத் தொடர்ந்து ஓட்டினால் அடுத்து எஞ்சின் கொதித்துவிடும்.

எலி கடித்த கம்பி

எஞ்சினின் வெப்பநிலையை அளப்பது தெர்மிஸ்டர் என்னும் சிறு பொருள். சாதாரண உலோகக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை கூடும் என்று படித்திருப்பீர்கள். தெர்மிஸ்டரோ நேர்மாறானது. சூடேறினால் இதன் தடை குறையும். கார்களில் பரவலாகப் பயன்படும் ஒரு வகையில், 20 டிகிரி செல்சியஸில் தடை சுமார் 2,500 ஓம். 100 டிகிரியில் சுமார் 190 ஓம். இந்தத் தடையை அளந்துதான் காரின் கணிப்பொறி வெப்பநிலையைத் தெரிந்துகொள்கிறது.

இப்போது ஒரு கேள்வி. தெர்மிஸ்டருக்குச் செல்லும் மின்கம்பியை எலி கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் இது அடிக்கடி நடப்பதுதான். கம்பி அறுந்தால் தடை எவ்வளவு? எல்லையற்றது. தடை மிக அதிகமென்றால் குளிர் மிக அதிகம் என்றல்லவா கணிப்பொறி கணக்கிட வேண்டும்? ஆம், அதன் கணக்குப்படி எஞ்சின் பனிப் பாறையைப் போல மைனஸ் 40 டிகிரியில் இருக்கிறது!

மே மாதத்துத் துவாக்குடியில் மைனஸ் 40 டிகிரியா? நமக்கு மட்டுமன்று, கணிப்பொறிக்கும் இது நம்ப முடியாத அளவுதான். ஒவ்வோர் உணர்கருவிக்கும் நம்பத்தக்க எல்லைகள் அதன் நினைவில் எழுதப்பட்டுள்ளன. அந்த எல்லையைத் தாண்டியதும் அது மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது; பி 0118 என்ற குறியீட்டைப் பதிந்துகொள்கிறது. எஞ்சின் கொதித்துவிடாமல் இருக்க, பல கார்களில் விசிறியையும் ஓயாமல் சுழல விடுகிறது.

பி 0118 என்பதற்கு, 'வெப்ப உணர்கருவியின் மின்சுற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் உள்ளது' என்பதே பொருள். 'உணர்கருவி கெட்டுவிட்டது' என்று அது சொல்லவில்லை. அவசரப்பட்டுப் புது உணர்கருவி வாங்கிப் போட்டாலும் விளக்கு அணையாது. எலி கடித்த கம்பியை ஒட்டினால் அணைந்துவிடும்.

சிவப்பு வெப்பமானிப் படம் எரிந்தால் நிலைமை வேறு. அப்போது எஞ்சின் உண்மையிலேயே கொதிக்கிறது என்று கொள்ள வேண்டும். வண்டியை நிறுத்துங்கள், ஆனால் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூடியிட்ட அமைப்பினுள் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் இரு மடங்கு வரை இருக்கக்கூடும். அந்த அழுத்தத்தில் நீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கும். 100 டிகிரிக்கு மேலிருக்கும் நீர் அந்த நொடியே நீராவியாகச் சீறும். பிரஷர் குக்கரை ஆவி அடங்குமுன் திறந்தால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கும். எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

சுருண்ட கம்பி

இந்த விளக்கு டீசல் காருக்கே உரியது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினில் காற்றை அழுத்தியே சூடேற்றினார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். காற்றைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் வெப்பநிலை 500 டிகிரியைத் தாண்டும். அதில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே தீப்பற்றும்.

குளிர்ந்த எஞ்சினில் சிலிண்டரின் சுவர்கள் அந்த வெப்பத்தை உறிஞ்சிவிடும். எனவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சூடேற்றும் முனை வைக்கிறார்கள். மெக்கானிக்குகள் இதை 'ஹீட்டர் பிளக்' என்பார்கள். அது சூடாகும் வரை சுருள் விளக்கு எரியும். அணைந்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

திருச்சி வெயிலில் இது ஓரிரு நொடிகளில் அணைந்துவிடும். இங்கு ஒரு முனை பழுதாகியிருந்தாலும் எஞ்சின் பெரும்பாலும் கிளம்பிவிடுவதால், பழுது இருப்பது தெரியாமலே போகலாம். அதே காரைக் கொடைக்கானலுக்கு ஓட்டிச் சென்று மறுநாள் காலையில் கிளப்பினால் மக்கர் செய்யும்! ஓடும்போது இந்த விளக்கு விட்டு விட்டு எரிந்தால், சில கார்களில் அது எஞ்சின் பழுதையே குறிக்கும்.

டீசலில் தண்ணீர்

டீசல் வடிகட்டியின் படத்தோடு நீர்த்துளிகள் தெரிந்தால், டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நீங்களே செய்து பார்க்கலாம்.

ஒரு கண்ணாடிக் குவளையில் சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். 9 வோல்ட்டு பாட்டரி ஒன்று, 470 ஓம் தடை ஒன்று, ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றைத் தொடராக இணைத்து, இரு கம்பி முனைகளையும் குவளையின் அடியில் ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். விளக்கு எரியாது. இனி, ஒரு சிட்டிகை உப்புக் கரைத்த நீரை மெல்ல ஊற்றுங்கள். நீர் எண்ணெயைவிட அடர்த்தி மிக்கதால் அடியில் சென்று தங்கும். கம்பி முனைகள் நீரில் மூழ்கியதும் விளக்கு எரியும். பார்த்தவுடன் கம்பிகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

காரின் வடிகட்டியிலும் இதுவே நடக்கிறது. டீசல் மின்சாரத்தைக் கடத்துவதில்லை என்றே சொல்லலாம். அடியில் சேரும் நீர் கடத்துகிறது. எரிபொருள் தொட்டியின் சுவரில் படியும் ஈரமும் மழைக்காலத்து நீர்க்கசிவும் இப்படிச் சேரும்.

கொஞ்சம் தண்ணீரால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறீர்களா? இன்றைய டீசல் கார்களில் எரிபொருள் 1,600 பார் அழுத்தத்திலும் அதற்கு மேலும் தெளிக்கப்படுகிறது. கடலில் 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் கூடும் என்ற கணக்கில், 1,600 பார் என்பது 16 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒப்பாகும். அத்தனை ஆழமான கடல் உலகிலேயே இல்லை. மிக ஆழமான மரியானா அகழியே சுமார் 11 கிலோமீட்டர்தான். இந்தப் பம்பிலும் தெளிப்பானிலும் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. அவற்றுக்கு உராய்வுத் தடுப்பு எண்ணெயும் டீசலேதான். அங்கே நீர் நுழைந்தால் உராய்வும் துருவும் தொடங்கும். பல கார்களில் வடிகட்டியின் அடியில் ஒரு திருகு உண்டு. அதைத் தளர்த்தி நீரை வடித்துவிடலாம். சில நிமிட வேலை. விளக்கை அலட்சியம் செய்தால் பம்பும் தெளிப்பான்களும் மாற்ற வேண்டி வரும். செலவு பல ஆயிரங்களில் நிற்காது.

மஞ்சள் நிற எஞ்சின் படம்

எல்லாவற்றிலும் அதிகமாகக் குழப்புவது இதுதான். நூற்றுக்கணக்கான காரணங்களுக்கு இந்த ஒரே விளக்கு எரியும்.

புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்களைக் கார் தானே கண்காணிக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தோன்றியது. 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் அந்நாடு முழுவதும் ஒரே வகைக் குறியீடுகள் கட்டாயமாயின. இந்தியாவில் இத்தகைய கண்காணிப்பின் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு பொருத்துவாய் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் பதிந்துள்ள குறியீடுகளைப் படிக்கலாம்.

பி 0087 என்று வந்தால், தெளிப்பான்களுக்குச் செல்லும் எரிபொருளின் அழுத்தம் போதவில்லை என்று பொருள். வடிகட்டி அடைத்திருக்கலாம், குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம், ஒரு தெளிப்பான் கசியலாம், பம்பு தேய்ந்திருக்கலாம், அழுத்தத்தை அளக்கும் உணர்கருவியே பொய் சொல்லலாம். இவற்றுள் மலிவானது வடிகட்டி. விலை மிகுந்தது பம்பு. நல்ல மெக்கானிக் மலிவானதிலிருந்து, எளிதாகச் சோதிக்கக் கூடியதிலிருந்து தொடங்குவார். காய்ச்சல் என்பது நோயின் பெயர் அல்ல, அறிகுறி என்று மருத்துவர்கள் சொல்வார்கள். குறியீடும் அப்படித்தான்.

ஸ்கேனரால் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்துவிடவும் முடியும். காரணம் அப்படியே இருந்தால், விளக்கு சில கிலோமீட்டரிலோ சில நாட்களிலோ மறுபடி எரியும்.

புகைக்கரி வடிகட்டி

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ். 6 விதிகள் வந்தன. அதன்பின் வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. இது நிரம்பியதை, அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் கொண்டு கணிப்பொறி அறிகிறது. பிறகு எரிபொருளைச் சற்று அதிகமாகத் தெளித்துப் புகையின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரிக்கு உயர்த்துகிறது. கரி ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது.

இதற்குக் கார் தொடர்ந்து சிறிது தூரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். துவாக்குடியிலிருந்து திருவெறும்பூர்க் கடைத்தெரு வரை தினமும் போய்வரும் காரில் இந்த வேலை முடியுமுன்பே எஞ்சின் அணைக்கப்பட்டுவிடுகிறது. கரி சேர்ந்துகொண்டே போய் மஞ்சள் விளக்கு எரிகிறது. அந்த நிலையில் தஞ்சாவூர்ச் சாலையில் கையேடு சொல்லும் நேரம்வரை நிற்காமல் ஓட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அலட்சியம் செய்தால் எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வடிகட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, விளக்கு எரியாதபடி கணிப்பொறியை மாற்றி எழுதித் தருபவர்களும் உண்டு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. அந்தக் காரின் பின்னால் சைக்கிளில் செல்பவரும், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் மாணவரும்தான் அந்தக் கரியைச் சுவாசிக்கிறார்கள்.

எரியாமல் போன விளக்கு

விளக்கு எரியவில்லை என்றால் பழுதே இல்லை என்று நம்பிவிடலாமா? 2015ஆம் ஆண்டில் உலகமே இந்தக் கேள்வியைக் கேட்டது.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சிறு குழு டீசல் கார்களில் அளவுக் கருவிகளை ஏற்றிச் சாலையிலேயே ஓட்டிப் புகையை அளந்தது. அரவிந்த் திருவேங்கடம் அக்குழுவினரில் ஒருவர். சோதனைச் சாலையில் விதிக்கு உட்பட்டு ஓடிய ஒரு ஃபோக்ஸ்வேகன் கார், வெளிச் சாலையில் நைட்ரஜன் ஆக்சைடுகளை எல்லையைப்போல் 15 முதல் 35 மடங்கு வரை வெளியிட்டது. சோதனை நடக்கிறதா என்பதை ஸ்டியரிங்கின் நிலை, வேகம் முதலியவற்றைக் கொண்டு காரின் கணிப்பொறி ஊகித்து, அப்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. 2015 செப்டம்பரில் இது வெளியாயிற்று. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்த ஏற்பாடு இருந்தது. இந்தியாவிலும் அந்த வகை எஞ்சின் கொண்ட சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்தது.

அந்தக் கார்களின் மஞ்சள் விளக்கு இந்த மீறலுக்காக எரியவேயில்லை. எரிய வேண்டாம் என்று எழுதியவர்களே அதன் கணிப்பொறியை எழுதியிருந்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் தனியாக அளந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

பழைய கார் வாங்குமுன்

உங்கள் மாமாவோ சித்தப்பாவோ பழைய டீசல் கார் ஒன்றை வாங்கப் போகிறார் என்றால், நீங்களும் உடன் சென்று உதவலாம்.

விற்பவரிடம் எஞ்சினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் விளக்குகளை எண்ணுங்கள். எண்ணெய்க் குவளை, பாட்டரி, மஞ்சள் எஞ்சின் படம் மூன்றும் எரிய வேண்டும். எஞ்சின் கிளம்பியதும் மூன்றும் அணைய வேண்டும். அணையாத விளக்கு இருந்தால் ஏனென்று கேட்கலாம். முதலிலேயே எரியாத விளக்கு இருந்தால் இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டும். அது கெட்டிருக்கலாம், வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டும் இருக்கலாம்.

அடுத்து, ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். குறியீடு எதுவும் இல்லை என்று வந்தாலும் அதோடு நிற்க வேண்டாம். காரின் தற்சோதனைகள் முடிந்துள்ளனவா என்றும் ஸ்கேனர் காட்டும். குறியீடுகளை அழித்தால் இந்தத் தற்சோதனைகளும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடிய நாட்கள் ஆகலாம். எல்லாமே 'முடியவில்லை' என்றிருந்தால், அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பாட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எதற்கு என்று விற்பவர் சொல்லட்டும். சில நாள் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சோதித்துவிட்டு முன்பணம் கொடுக்கலாம்.

உங்களுக்குத் தெரிந்தவர்களின் காரில் ஏறும்போது, சாவி திருப்பியதும் தோன்றும் படங்களை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எதை அளக்கிறது என்பதைக் காரோடு வந்த கையேட்டைப் பார்த்து எழுதுங்கள். அந்தத் தாளை அந்தக் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் ஒரு சிவப்புப் படம் தோன்றினால், அதை ஓட்டுபவருக்கு அது உதவும்.